பெயரைச் சொல்ல வேண்டியவள்

"இடது பக்கம் திருப்புடா! இடது பக்கம்!"

யுஸ்தினே படகின் முனையில் நின்றுகொண்டு நீளக் கம்பால் பனிக்கட்டியைத் தள்ளினாள். மலையளவு கட்டிகளுக்கு யாரும் பயப்படுவதில்லை, தூரத்திலேயே தெரிந்துவிடும். மேசை அளவுக் கட்டிகள்தான் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்து படகைப் பிளக்கும். பின்னால் அவள் மகன் ஏனோக் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தான். இருவருக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய வெள்ளைச் சவப்பெட்டி, உள்ளே ஆள் இல்லாததால், ஒவ்வோர் அலைக்கும் டொம்மென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

"அம்மா, நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்தது போதும். அப்பன் பாத்த லட்சணமும் தெரிஞ்சிபோச்சு, மகன் பாக்குற லட்சணமும் தெரியுது."

ஏனோக் திட்டை வாங்கிக்கொண்டான். நேற்றிலிருந்து அவனுக்கு அதுதான் வேலை.

நேற்று மதியம் அவர்கள் ஊரான இக்காசாக்கின் கடையில் தொலைபேசி மணி அடித்தது. கங்கெக்கிலிருந்து உபதேசியார் தொபியாஸ் பேசினார். "உன் வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா. நெஞ்சு வலி. காபி குடிச்சிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு." யுஸ்தினே, "எங்கே?" என்று கேட்டாள். தொபியாஸ் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாலா வீட்டில" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: முதல் செய்தி நெஞ்சுக்குள் இறங்குவதற்கு முன்பே இரண்டாவது செய்தி முண்டியடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. கடல்நாய் வேட்டைக்கு வடக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், தெற்கே செத்துப் போயிருந்தார்.

சாலா யார் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யுஸ்தினேவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் அவர் சுற்றி வந்தது சாலாவைத்தான். பிறகு சாலா வேறொருவனைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்றாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தாள். கல்யாணமான முதல் வருஷமே யுஸ்தினே புருஷனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்: கங்கெக்கைத் தாண்டிப் போகலாம், வரலாம், படகிலிருந்து கையைக்கூட ஆட்டலாம், காலை மட்டும் அந்தக் கரையில் வைக்கக் கூடாது. அவரும் சரி என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் ஒரு ஆயுளையே ஓட்டிவிட்டாள்.

இவ்வளவு நேரமும் அவர், அவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செத்தவர் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. அடுத்துப் பிறக்கும் குழந்தை ஒன்றுக்கு அந்தப் பெயரை வைக்கும் வரை அதற்கு ஓய்வு. ஆணோ பெண்ணோ, அந்தப் பெயரை வாங்கிய குழந்தைதான் பிறகு அந்த ஆள். செத்தவனின் தாய் அந்தக் குழந்தையை மகனே என்பாள், பெண்டாட்டி என் புருஷன் என்பாள், வேட்டையில் கிடைத்த நல்ல கறி அதற்குப் போகும். முதலில் பெயர் வாங்கும் குழந்தையிடம்தான் ஆள் முழுசாகப் போவார். பின்னால் வைப்பவர்களுக்குக் கிடைப்பது பங்குதான்.

"நீ சீக்கிரமா ஒரு பிள்ளையைப் பெத்துக் குடு," என்றாள் யுஸ்தினே, உட்கார்ந்து கம்பை மடியில் வைத்துக்கொண்டு.

"முதல்ல பொண்ணு வேணாமாம்மா?"

"அந்த டவுன் பொண்ணு என்ன ஆனா?"

"அவ என்னை விட்டுட்டு ஹெலிகாப்டர் மெக்கானிக்கோட போயிட்டா. போன கிறிஸ்துமசுக்கே சொன்னேன்."

"அவன்கிட்ட இருந்து கூட்டிட்டு வா. பேரை நான் பத்திரமா வச்சிருக்கேன். உங்கப்பன் நம்ம வீட்டுக்குத்தான் வரணும். நம்ம வீட்டுக் கதவைத் திறந்துதான் வரணும்."

ஏனோக் ஒரு பெரிய பனிப்பாறையைச் சுற்றிப் படகைக் கொண்டுபோனான். அதன் நிழலில் குளிர் முகத்தில் அறைந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, கோவிச்சிக்காத. அமாலிக்கு இந்த வாரம்தான் நாள் குறிச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஹெலிகாப்டர் வரணும், மூடுபனில வரல."

அமாலி சாலாவின் மகள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் தகப்பன் மேற்குக் கரையில் மீன் கப்பலில் இருந்தான். யுஸ்தினே சவப்பெட்டியைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

ஏனோக் எஞ்சினைக் குனிந்து பார்த்தான். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

"போனோம், பெட்டியில வச்சோம், திரும்பினோம்," என்றாள் அவள். "அங்கே ஒரு சொட்டுக் காபி குடிக்கக் கூடாது. கேட்டுதா?"

*

கங்கெக் கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு பாறை உண்டு. புதிதாக வருபவர்கள் அதில் இடிப்பார்கள். ஏனோக் யாரிடமும் கேட்காமல், அந்தப் பாறையை அழகாக வளைத்துக்கொண்டு போய்ப் படகைக் கரையில் ஒட்டினான். சங்கிலியில் கிடந்த நாய்கள் யுஸ்தினேவைப் பார்த்துக் குரைத்தன. ஏனோக்கைப் பார்த்ததும் வாலை ஆட்டின. அவள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கரையில் இறங்கினாள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்கே தெரியும்.

சிவப்பு வீட்டின் வாசலில் சாலா நின்றிருந்தாள். கடைசியாக யுஸ்தினே அவளைப் பார்த்தது, அவள் தலைமுடி கருப்பாக இருந்த காலத்தில். இப்போது கனத்த உடம்பு, வீங்கிய முழங்கால், முன்பல் ஒன்று இல்லை. யுஸ்தினேவுக்கு ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதி விஷமாக மாறியது. அழகுக்காக வந்திருந்தால் ஆம்பிளை புத்தி என்று மன்னித்துத் தொலைக்கலாம். இந்த முழங்கால் வலிக்காரியிடம் அந்த மனுஷன் எதற்காக வந்தார்?

"வா யுஸ்தினே," என்றாள் சாலா. "பள்ளிக்கூடத்தில படுக்க வச்சிருக்கோம், அங்கதான் குளிர்ச்சி. நான் தொடல. கண்ணை மட்டும் மூடினேன். மத்தது உன் வேலைன்னு விட்டுட்டேன்."

கண்ணை மூடுவதும் என் வேலைதான் என்று யுஸ்தினேவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் மற்ற நாட்களில் பாடமும் நடக்கும் அந்த ஒற்றை அறையில் அவர் பெஞ்சு மேல் கிடந்தார். யுஸ்தினே கதவைச் சாத்திக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள், நகங்களில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தாள். கொண்டுவந்திருந்த வெள்ளை மேலங்கியை மாட்டிவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "வடக்கேன்னுதானே சொன்ன?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். அவர் உயிரோடு இருந்தபோதும் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

காலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அவசரத்தில் நல்ல பூட்சை வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் போட்டு வந்த பழைய கடல்நாய்த் தோல் பூட்ஸ் சுவரோரம் நின்றது. சரி, இதையே போடுவோம் என்று எடுத்தாள். வலது பூட்சின் குதிகாலுக்கு மேலே ஒரு ஒட்டு. அந்த ஒட்டை அவளுக்குத் தெரியும். போன பனிக்காலத்தில் வேட்டையிலிருந்து வந்தவர், பாறையில் கிழிந்துவிட்டது, நானே தைத்துக்கொண்டேன் என்றார். அவள் வாங்கிப் பார்த்து அசந்து போனாள். பரவாயில்லையே, பொம்பளை மாதிரித் தைக்கிறாயே என்று பாராட்டினாள். அன்று ராத்திரி அவருக்குக் கொழுப்புத் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள்.

இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, தண்ணீர் புகாதபடி, தோலின் பாதிக் கனத்தில் மட்டும் ஊசி ஏறி இறங்கியிருந்தது. எந்த ஆம்பிளையும் இப்படித் தைக்க மாட்டான். இந்தக் கரையில் ஒருத்தன் பூட்சைத் தைப்பவள்தான் அவன் பெண்டாட்டி. மோதிரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். வேறு எதைக் கண்டிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். இது அவள் கண் முன்னால், அவள் வீட்டு அடுப்புக்கு மேலே, ஒரு பனிக்காலம் முழுக்கத் தொங்கிக் காய்ந்திருக்கிறது.

அவர் இடுப்புக் கத்தியை உருவினாள். ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் அறுத்து, ஒட்டைப் பிய்த்து எறிந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு பார்த்தால் கையில் கிழிந்த பூட்ஸ் இருந்தது. கிழிந்த பூட்சோடு ஒருத்தரைப் புதைப்பதா? அவள் பையைத் துழாவினாள். சட்டை இருந்தது, சீப்பு இருந்தது, ஜெபப் புத்தகம் இருந்தது. ஊசி இல்லை.

இந்த ஊரில் இருப்பது ஆறு வீடு. நாலு வீட்டுக்காரர்கள் கோடை மீன்பிடிப்புக்குப் போய்விட்டார்கள், தொபியாஸ் வீட்டில் பெண்கள் யாரும் இல்லை, மிச்சம் சாலா வீடு. யுஸ்தினே எறிந்த ஒட்டைக் குனிந்து பொறுக்கிக்கொண்டாள்.

*

"ஊசி இருக்கா?"

சாலா அவள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பூட்சைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். தகர டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஊசி, நரம்பு நூல், விரலுறை எல்லாம் இருந்தன.

யுஸ்தினே ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். எதிரே, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அமாலி காய்ந்த மீனைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் தன் புருஷனின் மூக்கோ நெற்றியோ இருக்கிறதா என்று யுஸ்தினே முன்பெல்லாம் கண்ணில் படும்போதெல்லாம் தேடியிருக்கிறாள். சாலாவின் செத்துப்போன புருஷனை உரித்துவைத்தது போலிருப்பாள் அமாலி. இன்றும் தேடினாள், இன்றும் கிடைக்கவில்லை. அடுப்புக்கு மேலே குழந்தைத் துணிகள் தொங்கின. எல்லாவற்றிலும் அதே நெருக்கமான தையல்.

"எத்தனை தடவை வந்தாரு?" யுஸ்தினே ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஐஸ் வழியை மூடினா இங்க ஒதுங்குவாரு."

"மூடாதப்போ?"

சாலா கெட்டிலை அடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தினாள். அதில் தண்ணீர் கொதிக்கவே இல்லை. அமாலி மீனைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"வந்து என்ன பண்ணுவாரு?"

"அந்த நாற்காலியில உக்காருவாரு. காபி குடிப்பாரு. கடலைப் பாப்பாரு."

"என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு." சாலாவின் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "கேட்டா எழுந்து போயிடுவாரு. நீ நல்லா இருக்கியான்னு ஒரு தடவை கேட்டேன், பாதிக் காபியோட படகுக்குப் போயிட்டாரு. நீ என்ன சமைப்ப, எப்படிச் சிரிப்ப, ஒண்ணும் தெரியாது எனக்கு. உன் பேரை இந்த வீட்டுக்குள்ள எடுக்க விட்டதே இல்ல. பொத்திப் பொத்தி வச்சிருந்தாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே நெனச்சிக்க."

யுஸ்தினேவின் ஊசி விரலில் ஏறியது. அவள் விரலைச் சப்பிக்கொண்டாள். அவளுக்குள் எதுவோ ஒன்று எழுந்து நின்று ஆடத் தொடங்கியது. சந்தோஷம் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. அது அடங்குவதற்குள் கையிலிருந்த தையலைப் பார்த்தாள். கோணல்மாணலாக இருந்தது. சாலா தைத்ததற்கு இது கால் தூசி பெறாது. அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அமாலி மீனை மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மா" என்றாள். முக்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

*

தொபியாஸ் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். மூடுபனியில் ஹெலிகாப்டர் எழும்பாது என்றார்கள். ஏனோக் கரையிலிருந்து ஓடிவந்து, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, படகை எடுக்க முடியாது என்றான். எல்லாரும் சேர்ந்து சதி செய்வது போல யுஸ்தினேவுக்குத் தோன்றியது. செத்த மனுஷனும் அதில் கூட்டு என்று தோன்றியது.

"பின்னாடி பிடி," என்றாள் சாலா. "எனக்கு முட்டி மடங்காது."

யுஸ்தினே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அமாலியைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் வலியில் அவள் கையைக் கடித்தாள். கடி, கடி, என்று யுஸ்தினே சொன்னாள். உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வராதே, நாங்கள் போன பிறகு வா, வேறொருத்தர் சாகட்டும், அவர் பெயரோடு வா. பெறுகிறவள் வேதனைப்படும்போது இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நினைப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். சாலா அதைத் துடைத்துச் சுற்றினாள். அது அழ ஆரம்பித்தது.

பிறந்த குழந்தை அழுவது ஒரு விஷயமா என்று கேட்கலாம். இது அந்த அழுகை அல்ல. பாலைக் கொடுத்தார்கள், துப்பியது. கையில் வைத்து ஆட்டினார்கள், முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. மறுநாள் மூடுபனி மெல்ல மெலிந்து, ஏனோக்கும் தொபியாசும் அவரைப் பெட்டியில் வைத்துப் படகில் ஏற்றி, ஜெபமும் முடித்துவிட்டு வந்தபோதும் அது தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். குழந்தை தன் பெயரைக் கேட்கிறது.

தொபியாஸ் தன் செத்துப்போன அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். சாலா தன் தாயின் பெயரைச் சொன்னாள். அமாலி தூக்கம் இல்லாத கண்களோடு யார் யார் பெயரையோ சொன்னாள். குழந்தை எதற்கும் மசியவில்லை. கடைசியில் சொல்லாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். யாரும் யுஸ்தினேவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக ஆளுக்கொரு மூலையைப் பார்த்தார்கள்.

தொபியாஸ்தான் தொண்டையைச் செருமினார். "யுஸ்தினே, நீ ஒரு வார்த்தை—"

"கேக்காதீங்க பெரியவரே," என்றாள் சாலா. "பெண்டாட்டி குடுக்கணும். அவளா குடுக்கலைன்னா வேண்டாம். குழந்தை அழட்டும்."

"வேற பேர் பாருங்க," என்றாள் யுஸ்தினே. கம்பளித் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பேர் எங்க வீட்டுப் பேர்."

வெளியே வந்து கரைக்கு இறங்கினாள். நல்ல ஓதம், தண்ணீர் ஏறியிருந்தது. பனிக்கட்டிகளுக்கு நடுவே வழி திறந்திருந்தது, கிளம்ப இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பெட்டி இப்போது சத்தம் போடாமல் கனமாகக் கிடந்தது. அவள் ஒரு காலைப் படகில் வைத்தாள். மேலே வீட்டிலிருந்து அந்த அழுகை இறங்கி வந்தது. நாய்கள்கூட எழுந்து நின்று அந்தப் பக்கம் பார்த்தன.

"அம்மா, ஏறு. ஐஸ் மூடிடும்," என்றான் ஏனோக்.

"ஏண்டா, நிஜமா சொல்லு. உனக்கு வேற பொண்ணு ஏதாவது...?"

"இல்லம்மா."

"இந்த வருஷம்?"

"அம்மா."

அவள் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நின்றாள். பெயரைக் கொண்டுபோய் என்ன செய்வது? பெட்டியோடு சேர்த்து மண்ணில் வைப்பதா? இக்காசாக்கில் வயிறு தள்ளிக்கொண்டு நடக்கும் ஒரு பெண்கூட இல்லை, சின்னவர்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். அது வரைக்கும் அந்த மனுஷன் எங்கே இருப்பார், கதவு கிடைக்காமல், குளிரில்? ஆனால் கொடுத்துவிட்டால் அவர் அந்தச் சிவப்பு வீட்டில் இருப்பார். இனி வடக்கே போகிறேன் என்று பொய் சொல்லக்கூட வேண்டாம். காலையில் எழுந்தால் சாலா, தூங்கப் போனால் சாலா. சாலா மடியில் உட்காருவார், சாலா ஊட்டுவாள், சாலா...

யுஸ்தினேவின் நினைப்பு அந்த இடத்தில் நின்றது. சாலா அந்தக் குழந்தைக்கு என்ன ஆக வேண்டும்?

அவள் காலைப் படகிலிருந்து எடுத்தாள். "எங்கே போற?" என்று ஏனோக் கத்தினான். அவள் ஏற்கெனவே பாதி மேட்டில் இருந்தாள், அந்த வயதுக்கு அப்படி ஏறக் கூடாது.

கதவைத் தட்டவில்லை. நேராகப் போய் அமாலியின் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். அது முகம் சிவந்து, கண்ணை இறுக மூடி, முஷ்டியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பவியா," என்றாள்.

நேற்று முன்தினத்திலிருந்து அந்தக் கரையில் யாரும் சொல்லாத பெயர். அடுப்பருகில் சாலாவின் கை அப்படியே நின்றது.

"யோவ் பவியா. என்னய்யா இப்படிக் கத்துற? ஊரைக் கூட்டுறதுக்கா பொறந்த? வடக்கேன்னு சொல்லிட்டு இங்க வந்து கெடக்கறது, அதுக்கு மேல கத்தல் வேற. வெக்கமா இல்ல உனக்கு? உன்னைத் தேடி ஐஸுக்குள்ள பூந்து வந்திருக்கேன், ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

குழந்தை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. கண்ணைத் திறந்து, எங்கேயோ பார்த்து, பிறகு வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு அடங்கியது. வீடு அவ்வளவு அமைதியானதில் எல்லாருக்கும் காது வலித்தது. யுஸ்தினேவின் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் வராததெல்லாம் இப்போது வந்தது. குழந்தையின் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

"பவியா," என்று சாலா மெல்லச் சொன்னாள். வாயில் போட்டுச் சுவைப்பது போலச் சொன்னாள்.

யுஸ்தினே திரும்பினாள். "உனக்குப் பேத்தி. மகளோட பிள்ளை. பாட்டி மாதிரி நடந்துக்க."

"சரி."

"என் புருஷன். எனக்கு மட்டும்தான். இந்தக் கரையில இதை அப்படிக் கூப்பிட வேற யாருக்கும் உரிமை இல்ல."

"இல்லதான்," என்றாள் சாலா. அவள் முகத்தில் என்ன ஓடியது என்று யுஸ்தினே உற்றுப் பார்த்தாள். தனக்கு நேற்று இருந்த அதே முகம். அதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவ்வளவு இல்லை.

சாலா காபியை ஊற்றி மேசைமேல் வைத்தாள். யுஸ்தினே ஒரு கையில் குழந்தையோடு நின்றபடியே குடித்தாள். நல்ல காபி. அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். போக வேண்டிய நேரம் வந்தபோது சாலா இரண்டு கையையும் நீட்டினாள். யுஸ்தினே மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அமாலியிடம் கொடுத்தாள்.

பிறகு துணியை விலக்கி, குழந்தையின் காலைப் பிடித்துத் தன் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அளந்தாள்.

"இதுக்கு நீ பூட்ஸ் தைக்கக் கூடாது," என்றாள் சாலாவிடம். "ஒரு தையல்கூடப் போடக் கூடாது. நான் தைச்சு எடுத்துட்டு வருவேன்."

"கால் வளருமே யுஸ்தினே. மாசத்துக்கு மாசம் வளரும்."

"மாசா மாசம் வருவேன்."

*

படகு அந்தப் பாறையை வளைத்துக்கொண்டு வெளியே வந்தது. கங்கெக் பின்னால் சின்னதானது. பெட்டி நடுவில் கிடந்தது. பனிக்கட்டிகள் நெருங்கி வரத் தொடங்கின. ஏனோக் எஞ்சினைக் குறைத்துக்கொண்டு கத்தினான்.

"அம்மா, கம்பை எடு! வலது பக்கம் வருது பாரு! ரெண்டு கையாலயும் தள்ளு!"

யுஸ்தினே கம்பை ஒரு கையால் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டியைத் தள்ளினாள். இன்னொரு கையை அவள் நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தி வைத்திருந்தாள். அதில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும், குளிரில் நீலம் பாய்ந்து, ஒரு சின்ன இடைவெளி விட்டு விரிந்தபடியே இருந்தன.